சிவப்புக் குமிழ்

“சித்தப்பா, உங்கள் எடை எவ்வளவு?” என்று கேட்டாள் அண்ணன் மகள்.

எழுபத்தெட்டு கிலோ என்றேன். அடுப்பு முன்னால் நின்றிருந்த என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல், “எண்பத்து நான்கு” என்றாள். பாப்பா இரண்டையும் நம்பவில்லை. குளியலறையிலிருந்து எடைக்கருவியைத் தூக்கி வந்து கூடத்தில் வைத்துவிட்டாள். செருப்போடு, கைப்பையோடு, மறுநாள் என்னென்ன கொண்டுபோவேனோ அத்தனையோடும் ஏறி நிற்கச் சொன்னாள். எண்பத்தேழு காட்டியது. அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, புளியோதரை டப்பாவையும் தண்ணீர்ப் புட்டிகளையும் தனியே நிறுத்தாள். ரேஷன் கடையில்கூட என் எதிரில் இவ்வளவு நேர்மையாக எடை போட்டதில்லை.

எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் இன்றைக்கும் பாப்பாதான். வயது முப்பத்து மூன்று. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரத்தில் வேலை. மூன்று வருடம் முன்பு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நாங்கள் ஜூலையில் அவள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போனபோது, ஒரு சனிக்கிழமை சித்தப்பாவையும் சித்தியையும் டாஹோ ஏரிக்குப் பறந்து கூட்டிப்போய் மாலைக்குள் திரும்பிவிடுவது என்று திட்டம் போட்டாள். சிறு விமானத்தில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும், எடைக்கருவி அதற்குத்தான். காரில் போனால் ஒரு வழிக்கே நான்கு மணி நேரம் ஆகும் மலை ஏரி அது. சித்தி வரவில்லை. “தரையில் ஓட்டினால் சொல், வருகிறேன்” என்று புளியோதரை கட்டிக் கொடுத்ததோடு சரி.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு. ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் 31 ஆண்டுகள் மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பயிற்றுநர். எஞ்சினைக் கழற்றாமல் காதால் நோய் சொல்லிவிடுவேன் என்று ஒரு காலத்தில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரை நானே பரப்பினேன் என்று மனைவி சொல்வாள். ஆகவே இந்தப் பதிவில் ஏரியைவிட எஞ்சின் கொஞ்சம் அதிகமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறரைக்கு ரீட்-ஹில்வியூ என்ற சிறு விமான நிலையத்தில் இருந்தோம். பெரிய விமான நிலையத்தில் நடக்கும் எந்தச் சடங்கும் இல்லை. கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போனால், நம் மினி பஸ் நிலையத்தில் வண்டிகள் நிற்பதுபோல் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன, தரையில் கயிற்றால் கட்டப்பட்டு. எங்களுடையது செஸ்னா 172. நான்கு இருக்கை, மேலே இறக்கை. 1956 முதல் இந்த மாதிரியில் 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. நாங்கள் ஏறியது நாற்பது வயதானது. கதவு அம்பாசடர் கதவைவிட லேசு. சாத்தும்போது தகர டப்பா சத்தம் வந்தது. அப்போதுதான் முதல்முறையாக மனைவியின் முடிவு சரியோ என்று தோன்றியது.

மூடியைத் திறந்து எஞ்சினைக் காட்டியதும் அந்த எண்ணம் போய்விட்டது. எனக்கு இது சொந்த ஊர். எதிரெதிராகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்கள். காற்றால் குளிர்வது, புல்லட் மாதிரி. கொள்ளளவு 5.2 லிட்டர், ஆனால் 160 குதிரைத்திறன்தான். இன்றைய கார்க்காரன் சிரிப்பான். ஆனால் இது நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்கு மேல் போவதில்லை. கியர் பெட்டி கிடையாது, கிராங்க் தண்டின் முனையில் நேராக புரொப்பெல்லர். தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை. நான்கு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குப் பேட்டரி இல்லாமலே மின்சாரம் தரும் இரண்டு மேக்னெட்டோ. பேட்டரி செத்தே போனாலும் எஞ்சின் நிற்காது. மேக்னெட்டோவை நான் கடைசியாகப் பாடம் நடத்தியது எந்த வருடம் என்று நினைவில்லை. பாடத்திட்டத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். இங்கே அது உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

பாப்பா இறக்கையின் அடியில் ஒரு கண்ணாடிக் குப்பியைக் குத்திக் கொஞ்சம் பெட்ரோல் எடுத்து, வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்தாகத் தங்கும். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுக்காரர்கள் டீசலில் செய்கிற அதே வேலை. படகுக்காரர் தண்ணீரைக் கண்டால் கடலில் வீசிவிட்டு வசவு ஒன்று சொல்வார். இவள் வசவு சொல்லாமல் மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். இரண்டு இறக்கையிலும், எஞ்சினின் அடியிலும்.

விமானப் பெட்ரோலில் இன்னும் ஈயம் கலக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். நம் நாட்டில் வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. சிறு விமானங்களுக்கு உலகமெங்கும் இன்னும் நீல நிறத்தில் அது விற்பனையாகிறது. இந்த விமான நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் நெருங்கிவிட்டதால், 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து இங்கே அதை விற்பதை மாவட்ட நிர்வாகமே நிறுத்திவிட்டது. ஈயமில்லாத பெட்ரோல்தான் கிடைக்கும். குழந்தைகளின் இரத்தத்துக்குள் போகிற விஷயம், செய்தது சரி. ஈயம் இல்லாவிட்டால் தேயக்கூடிய பழைய வால்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டேன். “அவை ஒன்றும் சொல்லவில்லை சித்தப்பா, ஏறுங்கள்” என்றாள்.

புறப்பட்டதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடியது, எழும்பியது. காது அடைத்தது. கீழே காய்ந்த வைக்கோல் நிறத்தில் குன்றுகள், வரிசையாகக் காற்றாலைகள், பிறகு பரந்த சமவெளி. வயல்களைக் கோடு போட்டு வெட்டியதுபோல் வாய்க்கால்கள். சிதம்பரம் பக்கத்து வயல்களை இவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன், ஆனால் நம் வரப்புகள் இவ்வளவு நேராக இருக்காது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை அங்கே தெரியும்.

9,500 அடிக்கு ஏறுகிற வழியில்தான் அந்தச் சிவப்புக் குமிழ் வந்தது.

முன்பலகையில் இரண்டு குமிழ்கள். கறுப்பு ஆக்சிலரேட்டர். சிவப்பு, பெட்ரோலும் காற்றும் கலக்கிற விகிதத்துக்கு. பாப்பா சிவப்பை மெல்ல வெளியே இழுத்தாள். எஞ்சின் சுற்று கூடியது. இன்னும் இழுத்தாள். எஞ்சின் ஒரு முறை உதறியது, எனக்கு வயிறும் உதறியது. உடனே கொஞ்சம் உள்ளே திருகினாள். உதறல் நின்று, சத்தம் பட்டுத் துணி கிழிப்பதுபோல் சீரானது.

மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது, கடல் மட்டத்தில் ஊற்றிய அதே பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். அளவு மிஞ்சினால் எஞ்சின் மூச்சு முட்டும், பிளக்கில் கரி பிடிக்கும். ஆகவே ஓட்டுகிறவர் கையால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். நான் வாழ்ந்ததோ கடலிலிருந்து மூன்று கிலோமீட்டரில். கடலூரில் உயரம் என்று பார்த்தால் கேப்பர் மலைதான். அங்கே எந்தக் கார்ப்பரேட்டருக்கும் மூச்சு முட்டாது.

ஒரே ஒரு தடவை முட்டியது. 1988-ல் அலுவலகத்துப் பழைய பெட்ரோல் ஜீப்பில் மேலதிகாரி ஒருவருடன் ஏற்காடு போனேன். இருபதாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டும்போது பின்னால் கரும்புகை, ஐடிலில் நிற்கவே மாட்டேன் என்றது. ஏரிக்கரையில் நிறுத்தி, திருப்புளியால் கலவைத் திருகைச் சரிசெய்தேன். வண்டி கிண்ணென்று ஆனது. அதிகாரி தோளில் தட்டினார். அந்த மிதப்பில், மலையிறங்கியதும் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்துவிட்டேன். ஆத்தூருக்கு முன்னால் எஞ்சின் கொதித்து, சைலன்சரில் வேட்டுப் போட்டு நின்றது. கீழே காற்று தடிமன், பெட்ரோலோ மலைக்கு வைத்த அளவு. உளுந்தூர்பேட்டை வரை அதிகாரி என்னோடு பேசவில்லை.

இதைப் பாப்பாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு அட்டையைக் காட்டினாள். இறங்கும்போது செய்யவேண்டியவை என்று அதில் அச்சிட்டிருந்தது. சிவப்புக் குமிழை உள்ளே தள்ளுவதும் அதில் ஒன்று. “நினைவில் இருக்கிறது என்று நம்பக்கூடாது என்பதுதான் முதல் பாடம்” என்றாள். 1988-ல் எனக்கு அப்படி ஓர் அட்டை இருந்திருக்கலாம்.

சியரா நெவாடா மலை தொடங்கியதும் கீழே ஐம்பதாம் எண் நெடுஞ்சாலை கூடவே வந்தது. வேண்டுமென்றே அதன்மேல் போகிறாள் என்று புரிந்தது, காட்டின் நடுவில் இறங்க இடமில்லை. அந்தக் காடும் பாதி கறுப்பு. 2021 ஆகஸ்டில் கால்டார் தீ என்று ஒன்று பிடித்து இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்திருக்கிறது. 2,20,000 ஏக்கருக்கு மேல். மலை முகட்டையும் தாண்டி ஏரிப் பக்கம் இறங்கியதால் தெற்குக் கரை ஊரையே காலி செய்தார்கள். மரங்கள் விழாமல் தீக்குச்சிகளாக நிற்கின்றன, மலை மலையாக. நான் அப்படி ஒரு காட்சியை ஒரு முறை பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடந்த பிறகு, பண்ருட்டிச் சாலையில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்த காலை. நம் மரங்கள் படுத்துவிட்டன. இவை நின்றபடியே செத்திருக்கின்றன. அடுத்த பத்து நிமிடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

எக்கோ கணவாயைத் தாண்டியதும் ஏரி வந்தது. நீளம் 35 கிலோமீட்டர், அகலம் 19. எண்களெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும், முதல் நாளே படித்திருந்தேன். ஆழம் 1,645 அடி. நம் வீராணம் நிரம்பினால் 47.5 அடி என்று செய்தித்தாள் போடும், நாமும் மகிழ்ந்துபோவோம். ஆனால் எண் வேறு, பார்ப்பது வேறு. கரையோரம் பச்சை கலந்த தெளிவு, அடியில் கிடக்கும் பாறைகள்கூடத் தெரிகின்றன. பிறகு ஒரு கோடு. கோட்டுக்கு அப்பால் மைக்கூட்டைக் கவிழ்த்த நீலம். அந்தக் கோட்டில் ஏரியின் தரை சட்டென்று விழுகிறது என்றாள் பாப்பா. டாஹோ என்பதே அந்த மண்ணின் பழங்குடிகளான வாஷோ மக்களின் மொழியில் ஏரி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். அப்படியானால் டாஹோ ஏரி என்றால் ஏரி ஏரி. ஏரிக்காட்டை ஏற்காடாக்கி, அதற்குள் ஏற்காடு ஏரி என்று வைத்திருக்கும் நமக்கு இதில் சிரிக்க உரிமை இல்லை.

அங்கே விமான ஓடுதளம் 6,269 அடி உயரத்தில் இருக்கிறது. நீளம் 2,600 மீட்டர். நம் புதுச்சேரி லாஸ்பேட்டை ஓடுதளம் 1,500 மீட்டர்தான். மலைமேல் கிடைத்த கொஞ்சம் சமதளத்தில் ஏன் இவ்வளவு நீளம் என்று இறங்கும்போதே விளங்கிவிட்டது. வேகமானியில் எப்போதும் காட்டுகிற எண்தான் காட்டுகிறது, தரையோ அதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விரைவாக ஓடுகிறது. மெலிந்த காற்று இறக்கையைத் தாங்க வேண்டுமானால் விமானம் கூடுதல் வேகத்தில் அதற்குள் பாய வேண்டும். இறங்கி நின்றதும் எஞ்சினை அணைத்தாள். சாவியால் அல்ல, சிவப்புக் குமிழை முழுக்க வெளியே இழுத்து. பட்டினி போட்டு அணைக்கிறார்கள். சிலிண்டருக்குள் சொட்டுப் பெட்ரோல் மிச்சமிருந்து, யாராவது புரொப்பெல்லரைத் தொட்டுச் சுற்றிவிட்டால் எஞ்சின் பற்றிக்கொள்ளும், கை போய்விடும். இதுபோல் காரணத்தோடு செய்கிற வேலையைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

மணி எட்டரை. பன்னிரண்டு டிகிரி. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன்.

ஏரிக்கரையில் நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் குற்றம் என்னுடையது. வாடகைக் காரில் கரைக்குப் போனோம். புளியோதரை சாப்பிட்டோம். பதினொன்றரைக்குப் புறப்பட வேண்டும் என்று பாப்பா இரண்டு முறை சொன்னாள். நான் கரையோரமாகக் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனேன். முழங்கால் அளவு தண்ணீரில் நின்றால் கால் விரல் நகம் தெரிகிறது. அலை இல்லை, உப்பு இல்லை, நண்டு கூட இல்லை. சில்வர் பீச்சில் பிறந்து வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு கரை பொய் மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நடந்து, திரும்பும் வழியில் எந்தப் பாதையில் வந்தேன் என்று தெரியாமல், கைப்பேசியை அவள் பையில் விட்டுவிட்டதால் கூப்பிடவும் முடியாமல், ஒரு வழியாக வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே கால். பாப்பா ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. அவள் அப்பாவும் அப்படித்தான். அண்ணன் பேசாமல் இருந்தால்தான் நாங்கள் பயப்படுவோம்.

விமான நிலையத்துக்கு வந்தபோது இருபத்தேழு டிகிரி. காற்றின் திசையும் வேகமும் காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் துணிக் காற்றுப் பை, தென்மேற்குக் காற்றில் நிமிர்ந்து நின்று உதறிக்கொண்டிருந்தது. பாப்பா புத்தகத்தைத் திறந்து கணக்குப் போட்டாள். ஓடுதளம் இருப்பது 6,269 அடியில். ஆனால் இந்த வெயிலில் காற்று விரிந்துவிட்டதால், விமானத்தைப் பொறுத்தவரை நாங்கள் நிற்பது ஏறக்குறைய 9,200 அடியில். கடல் மட்டத்தோடு பார்த்தால் கால் பங்கு காற்று இல்லை. எஞ்சினுக்குக் குறைவு, புரொப்பெல்லருக்குக் குறைவு, இறக்கைக்கும் குறைவு. ஒரே பஞ்சம் மூன்று இடத்தில் அடிக்கிறது. கடலூரில் எழும்ப ஓடவேண்டிய தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஓட வேண்டும்.

“ஓடுதளம்தான் இவ்வளவு நீளம் இருக்கிறதே” என்றேன்.

“எழும்பிவிடலாம் சித்தப்பா. எழும்பிய பிறகு?” என்றாள்.

எதிர்க்காற்றில் எழும்ப வேண்டும் என்பது விதி. காற்று தெற்கிலிருந்து. தெற்கே ஓடினால் எழும்பியதும் எதிரில் மலை. மலையைத் தாண்டி வரும் காற்று இந்தப் பக்கம் அருவியாக இறங்கிக்கொண்டிருக்கும், அது விமானத்தையும் சேர்த்து அமுக்கும். நாம் ஏறுகிற வேகத்தைவிட அது இறங்குகிற வேகம் அதிகமாக இருந்தால் கதை முடிந்தது. வடக்கே ஓடினால் முன்னால் ஏரி, இடம் தாராளம். ஆனால் முதுகில் காற்று. “மாலையில் காற்று விழும். காத்திருப்போம்.”

சான் ஹோசேயில் ஏழு மணிக்கு என் மனைவி ரசம் வைத்துவிட்டுக் காத்திருப்பாள் என்றேன். பத்து நிமிடம் முன்னால் வேறொரு சிறு விமானம் போனதே என்றேன். அது டர்போ வைத்தது, மெலிந்த காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் என்றாள். நீ கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறாயோ என்றும் கேட்டுவிட்டேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவள் சித்திக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, காப்பி வாங்கி வந்து, நாற்காலியில் சாய்ந்து காற்றுப் பையைப் பார்க்கத் தொடங்கினாள். நான்கரை மணி நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு துணிப் பையைப் பார்ப்பதுதான் வேலை. அந்த நேரத்தில் அவள் முகத்தில் அவசரத்தின் ஒரு கோடு இல்லை. எஞ்சின் ஓட்டத் தெரிந்த எத்தனையோ பேரை உருவாக்கியிருக்கிறேன். எஞ்சினை ஓட்டாமல் இருக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். முதலில் நான் அதில் இல்லை.

ஆறரைக்குப் பை தொங்கியது. இருபத்தொரு டிகிரி. ஓடுதளத்தின் முனையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுக்கக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சிவப்புக் குமிழை இழுத்தாள்.

“முழு வேகத்தில் பெட்ரோலைக் குறைக்காதே, வால்வு எரிந்துவிடும்!” என்று கத்திவிட்டேன். 31 ஆண்டுப் பழக்கம்.

“கடல் மட்டத்தில் நீங்கள் சொல்வது சரி சித்தப்பா. இங்கே முழுக்கக் கொடுத்தாலும் முக்கால் பங்கு சக்திதான் வரும். எரிக்கிற அளவுக்குச் சூடு இல்லை. கேளுங்கள்.”

கேட்டேன். சுற்று ஏறியது, உதறியது, அவள் கொஞ்சம் திருகியதும் சீரானது. பிரேக்கை விட்டாள். ஓடினோம், ஓடினோம், நான் லாஸ்பேட்டை ஓடுதளத்தை மனதில் அளந்துகொண்டிருந்தேன். அதன் பாதிக்குமேல் தாண்டியபோது சக்கரச் சத்தம் நின்றது. வீட்டுக் கூரைகள் கூச்சப்படும் நெருக்கத்தில் கடந்தன, பிறகு ஏரி. அதன்மேல் வட்டமிட்டு, வட்டமிட்டு உயரம் சேர்த்தாள். எமரால்டு விரிகுடாவும், அதன் நடுவில் அந்த ஏரிக்கே ஒரே தீவான துணுக்குப் பாறையும் சாய்ந்த இறக்கையின் அடியில் இரண்டு முறை வந்து போயின. 10,500 அடி காட்டியதும் மலையைத் தாண்டினாள். எட்டு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, தரையில் இருந்தோம். இறங்கும் வழியில் அட்டையை எடுத்து நான்தான் உரக்கப் படித்தேன். சிவப்புக் குமிழ் வரி வந்ததும் விரலால் காட்டினேன். தள்ளினாள்.

வாடகையையும் பெட்ரோல் காசையும் நான் கொடுப்பதாகப் பையைத் திறந்தேன். வாங்க மாட்டேன் என்றாள். நம் வழக்கப்படி இருவரும் கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளத் தயாரானோம். ஆனால் அங்கே அதற்கும் சட்டம் இருக்கிறது. அவளுடைய உரிமத்தில் பயணியிடம் காசு வாங்கிப் பிழைக்கக்கூடாது. செலவைப் பகிரலாம், அவள் தன் பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு பேர் என்றால் பாதிக்குமேல் நான் கொடுக்க முடியாது. ஓட்டல் பில்லுக்குச் சண்டை போடும் எங்கள் உறவினர் கூட்டத்துக்கு இப்படி ஒரு சட்டம் இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். அண்ணி முத்தியால்பேட்டையில் மணிக்கூண்டுக்குப் பின்னால் தனியாக இருக்கிறார். மகள் விமானம் ஓட்டுவது அவருக்குத் தெரியும். ஆனால் எப்போதும் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பாப்பாவும் அதைத் திருத்தியதில்லை. நான் கொண்டுபோன படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏரியை, எரிந்த மலையை, துணிப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகளை. கடைசியாக விமானத்துக்குள் அவள் காதில் ஹெட்செட்டோடு ஓட்டுகிற படம்.

“பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்தது யார், வாத்தியாரா?” என்றார்.

“வாத்தியார்தான் அண்ணி. நான்தான்.”

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு எழுந்து, “காப்பிக்குச் சர்க்கரை போடலாமா, இப்போதும் நிறுத்தித்தான் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.